சின்ன சிலிண்டர்ல கேஸ் பிடிக்கிறீங்களா? வேலூர்ல நடக்கிற எடைக் கள்ளத்தைத் தெரிஞ்சுக்குங்க

சி.எம்.சி. ஆஸ்பத்திரி சுத்துவட்டார லாட்ஜ்ல நோயாளியோட மாசக்கணக்குல தங்குறவங்க, பாகாயம் பக்கம் ரூம் எடுத்துப் படிக்கிற பசங்க, தள்ளுவண்டிக்காரங்க எல்லாருக்கும் தலையிலேயே பர்னர் மாட்டின சின்ன சிலிண்டர்தான் அடுப்பு. தீர்ந்தா சந்துக்குள்ள ஒரு கடையில பெரிய சிலிண்டரைக் கவுத்து இதுக்கு ஏத்திக் கொடுப்பாங்க. அங்கே எப்படி ஏமாத்துறாங்கன்னு ஒரே ஒரு சிலிண்டர் கணக்குல பார்த்துடலாம்.

கொல்கத்தாவுலேர்ந்து வைத்தியத்துக்கு வந்த குடும்பம் ஒண்ணு பிடிச்ச சிலிண்டர் அது. காலி எடை 3.9 கிலோன்னு வெள்ளைப் பெயிண்ட்ல எழுதியிருந்தது. நிரப்பினப்புறம் கடைத் தராசுல 6.9. மூணு கிலோவுக்குக் காசு. மளிகைக் கடைத் தராசுலயும் அதே 6.9 காட்டினதால சந்தேகமே வரலை. ஆனா 15 மணி நேரத்துல அணைஞ்சு போச்சு. அந்த பர்னர் மணிக்குச் சுமார் 150 கிராம் குடிக்கும், மூணு கிலோ இருந்தா 20 மணி நேரம் வந்திருக்கணும். அணைஞ்சதைத் தராசுல வெச்சா 4.6. எடை கூட்ட உள்ளே தண்ணி ஊத்துறதும் உண்டு; ஆனா இதை ஆட்டினா சலசலப்பு இல்லை, அதனால தண்ணியும் இல்லை. பெயிண்ட்டைச் சுரண்டினா அடியில பழைய 4.6 மங்கலாத் தெரியுது. கிடைச்ச கேஸ் 2.3 கிலோதான்.

ஆகவே எழுதின காலி எடையை நம்பாதீங்க. நிரப்பக் கொடுக்கும்போதே, பர்னரைக் கழட்டிட்டு, உங்க கண்ணு முன்னாடி எடை போடச் சொல்லுங்க; நிரப்பினப்புறம் வர்ற எடையில இதைக் கழிச்சா வர்றதுதான் ஏறின கேஸ். மிச்சம் அரை கிலோ கேஸ் உள்ளே கிடந்தாலும் முழுசுக்குக் காசு வாங்குறது இந்த ஒரு வேலையில அடிபட்டுப் போகும். நிரப்பினப்புறம் எடை போடும்போது ஹோஸ் வால்வுல தொங்குதான்னும் பாருங்க, அதோட கனமும் எடையில சேர்ந்துடும். எரிஞ்சு தீர்ந்தப்புறமும் ஆட்டினா தளும்புற சத்தம் கேட்டா, உள்ளே தண்ணி.

"பத்தலைன்னு சொல்லாதீங்க, கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன்"னு சொல்ற கடைக்காரர் இன்னும் மோசம். வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸுக்கு உள் கொள்ளளவு 33.3 லிட்டர். அந்த விகிதத்துல 3 கிலோ சிலிண்டர் 7 லிட்டர்தான் பிடிக்கும். திரவ கேஸ் லிட்டருக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல. 3.6 கிலோ அடைச்சா ஆவி நிக்க இடமே மிஞ்சாது. 10 டிகிரி வெப்பம் ஏறினா திரவம் நூத்துக்கு 2, 3 பங்கு விரியும். கத்திரி வெயில்ல, தகரக் கூரைக்கு அடியில அந்த சிலிண்டர் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. சின்ன சிலிண்டர் பலதுல ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை, சோதனைத் தேதியும் இல்லை.

சீக்கிரம் ஏறணும்னு சின்னதுல இருக்கிற ஆவியைத் திறந்து விடுவாங்க. கேஸ் காத்தை விடக் கனம், வெளியே போகாம கடைத் தரையிலயே படியும். பக்கத்துல டீ அடுப்பு எரியும். அங்கே நிக்காதீங்க.

ஒரு சிலிண்டர்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்துறதே சட்டப்படி குற்றம். நிரப்ப வெடிபொருள் பாதுகாப்புத் துறையோட உரிமம் வேணும், சந்துக் கடைக்கு அது கிடையாது. பில் தர மாட்டாங்க, ஏமாந்தா கேட்கவும் முடியாது. இதுக்கு மாத்து இருக்கு: கம்பெனிகளோட 5 கிலோ சிலிண்டர், இண்டேன்ல 'சோட்டு'ன்னு பேர். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். ஏஜென்சியிலயும் பெட்ரோல் பங்க்குலயும் கிடைக்கும். சீல் உடையாம, எடை போட்டு வாங்குங்க.

ஏற்கெனவே லூஸ் கேஸ் பிடிச்சது வீட்டுல இருக்கா? பாத்திரம் தேய்க்கிற சோப்பை நுரைச்சு வால்வு கழுத்து, திருகு, பர்னர் மாட்டுற மரை மூணுலயும் தடவுங்க. பெரும்பாலும் காய்ஞ்சு கெட்டியான ரப்பர் வாஷர் வழியாத்தான் கசியும். குமிழ் கிளம்பினா சுவிட்ச் எதையும் தொடாம, சிலிண்டரைத் திறந்தவெளிக்கு எடுத்துட்டுப் போய், 1906க்குக் கூப்பிடுங்க.