அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மார்பளவு, ஆனால் நீச்சலுடை ஒரே சைஸ் இல்லை

பெங்களூரு அல்சூரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நீச்சல் குளத்தின் காலை லேடீஸ் பேட்சில் நானும் அம்மாவும் சில வருடங்களாகப் போய் வருகிறோம். எனக்கு முழங்கால் வரை வரும் காஸ்ட்யூம், அம்மாவுக்கு ஃப்ராக் வைத்தது. புதிதாகச் சேரும் பெண்கள் உடை மாற்றும் அறையில் தயங்கித் தயங்கி முதலில் கேட்பது, "அக்கா, என்ன சைஸ் வாங்கறது?" என்பதுதான். அதற்கான பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுடிதார் சைஸை வைத்து நீச்சலுடை வாங்காதீர்கள். சுடிதார் தோளிலிருந்து தொங்குகிற உடுப்பு, ஒன்றிரண்டு அங்குலம் கூடக்குறைய இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஒற்றைத் துண்டு நீச்சலுடையோ தோளில் தொடங்கி கால்களுக்கு நடுவே போய்த் திரும்பவும் தோளுக்கே வருகிறது. அந்தச் சுற்றளவைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. டேப்பின் ஒரு முனையைத் தோள்பட்டையின் நடுவில் வைத்து, மார்பு வழியாகக் கீழே இறக்கி, கவட்டைக்குள் விட்டு, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவர வேண்டும். தனியாக எடுத்தால் டேப் நழுவும். வீட்டில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எனக்கும் அம்மாவுக்கும் மார்பளவு 36 அங்குலம். இந்தச் சுற்றளவு எனக்கு 64, அம்மாவுக்கு 59. அம்மாவுக்குக் கச்சிதமாக இருக்கும் காஸ்ட்யூமை நான் போட்டால் தோளில் பட்டை அழுந்திச் சிவந்த கோடு விழும், கீழேயும் இழுத்துப் பிடிக்கும். என்னுடையதை அம்மா போட்டால் வயிற்றுப் பக்கம் மடிப்பு விழுந்து, நீந்தும்போது உள்ளே தண்ணீர் புகுந்துகொள்ளும். மார்பளவு ஒரு சைஸையும் இந்தச் சுற்றளவு அடுத்த சைஸையும் காட்டினால் பெரியதை எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் மேலுடையும் லெகிங்ஸும் தனித்தனியாக வரும் செட் நல்லது. ஆனால் மேலுடையைக் கீழே கோர்க்கும் நாடாவோ கொக்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குதித்தவுடன் அது மேலே ஏறிவிடும்.

போட்டுப் பார்க்கும்போது உள்ளாடையைக் கழற்றாதீர்கள். உலர்ந்த நிலையில் சற்று இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நனைந்ததும் துணி தளரும். இரண்டு கைகளையும் தூக்குங்கள், குந்தி எழுந்திருங்கள், முன்னால் குனியுங்கள். குனியும்போது கழுத்துப் பக்கம் வாய் திறக்கக் கூடாது. தோள் பட்டைக்குள் இரண்டு விரல் போகலாம், உள்ளங்கையே நுழைந்தால் பெரிது. அதற்காக மூச்சு முட்டுகிற இறுக்கமும் வேண்டாம். போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் சைஸ் குறைத்து வாங்கச் சொல்வது வேறு விஷயம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பேசப்பட்ட அந்த உடம்போடு ஒட்டிய முழு உடைகளை 2010இலிருந்து போட்டிகளில் தடையே செய்துவிட்டார்கள். உடம்புக்காக நீந்தும் நமக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

முட்டி வலி உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். போடுவதைவிட, ஈரத்தோடு கழற்றுவதுதான் பெரிய பாடு. முன்பக்கம் ஜிப் வைத்தது வாங்கிய பிறகு அம்மாவுக்கு என் உதவியே தேவைப்படவில்லை.

துணியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். கடைகளில் அதிகம் கிடைப்பது நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்தது, பெரும்பாலும் 80க்கு 20 என்ற அளவில். லைக்ரா என்று நாம் சொல்வதும் ஸ்பான்டெக்ஸைத்தான். போட மெத்தென்று இருக்கும், நன்றாக நீளும். ஆனால் குளத்துக் குளோரின் அந்த இழையைத்தான் முதலில் அரிக்கும். என் நைலான் காஸ்ட்யூமை ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தபோது, உட்காரும் பகுதி சல்லடை போலத் தெரிந்தது. ஓரங்களில் மெல்லிய வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கருநீலம் என்பதால் மடித்து வைத்திருந்தவரை எதுவும் தெரியவில்லை. நீங்களும் மாதத்துக்கு ஒருமுறை இப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இப்போது நான் போடுவது பாலியஸ்டரும், பிபிடி (PBT) என்ற பாலியஸ்டர் வகை இழையும் கலந்தது. கொஞ்சம் விறைப்பு, விலையும் கூடுதல், ஆனால் குளோரினைத் தாங்குகிறது. நைலான் அளவுக்கு நீளாததால் இந்தத் துணியில் அளவு பிசகவே கூடாது. வாரத்தில் பல நாள் நீந்துபவர் யோசிக்காமல் இதையே வாங்கலாம்.

அப்புறம் பராமரிப்பு. குளத்தில் இறங்கும் முன் ஷவரில் நன்றாக நனையுங்கள். துணி முதலிலேயே நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டால் குளத்துத் தண்ணீரைக் குறைவாக இழுக்கும். வெளியே வந்ததும் அங்கேயே அலசிவிடுங்கள். ஈரக் காஸ்ட்யூமைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டு அப்படியே ஆபீஸ் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் துணி சீக்கிரம் கெடும், வாடையும் வரும். வீட்டில் அரை பக்கெட் பச்சைத் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு போதும். சோப்புத் தூளில் ஊறவைப்பது, பிரஷ், வெந்நீர், வாஷிங் மெஷின், முறுக்கிப் பிழிவது எதுவும் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தினாலே தண்ணீர் இறங்கிவிடும். எங்கள் ஃபிளாட்டில் போர்வெல் தண்ணீர் உப்பு, அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் காவேரித் தண்ணீர். நிழலில்தான் காயப்போட வேண்டும். பெங்களூரு மழை மாதங்களில் மறுநாள் காலைக்குள் காயாது, ஃபேனுக்கடியில் விரித்துவிடுவோம். ஆளுக்கு இரண்டு இருந்தால் ஒன்று ஓய்வெடுக்கும், எலாஸ்டிக்கும் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கிடைக்கும்.

2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்து, நீச்சல் குளங்களுக்குக் குடிநீர் பயன்படுத்தக் கூடாது என்று பெங்களூரு குடிநீர் வாரியம் தடை போட்டது. அது மாதிரி குளம் மூடிக் கிடக்கும் நாட்களில் உடையை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், பட்டை நீண்டுவிடும். ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, பருத்தித் துணியில் மடித்து அலமாரியில் வையுங்கள்.

ஃப்ராக் பற்றி ஒரு வார்த்தை. கூச்சத்துக்கு அது நல்ல மருந்து, அதனால்தான் அம்மா முதலில் தண்ணீரில் இறங்கவே சம்மதித்தார். இப்போது ஃப்ரீஸ்டைல் பழகியதும் அது காலில் சுற்றுகிறது என்கிறார். அடுத்து அவருக்கும் பிபிடி துணியில், முன்பக்க ஜிப்போடு, முழங்கால் வரை வருவதுதான் வாங்கப் போகிறோம்.