வீட்டுக்கு வந்த பெட்டியும் நாங்கள் போன பூத்தும்

என் மாமியார் ஒரே வருட இடைவெளியில் இரண்டு விதமாக ஓட்டு போட்டவர். 2023 மே மாதம் நடந்த கர்நாடக சட்டமன்றத் தேர்தலில் கட்டிலில் உட்கார்ந்தபடியே போட்டார். 2024 பாராளுமன்றத் தேர்தலில் வீல்சேரில் பூத்துக்குப் போய்ப் போட்டார். இடையில் அவருக்கு உடம்பு ஒன்றும் தேறிவிடவில்லை. மாறியது விதிதான். 2023இல் 80 தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டு என்றிருந்தது. 2024 மார்ச்சில் அதை 85 ஆக்கிவிட்டார்கள். அத்தைக்கு அப்போது 83.

"அப்போ நான் சின்னப் பொண்ணாயிட்டேனா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வேலூர், திருப்பத்தூர் பக்கத்துக்காரர்கள். தேர்தல் வந்தால் சாயங்காலம் வாசலில் இதே பேச்சுதான். கூட்டம் சேரும் முன் போட்டுவிட வழி உண்டா, தபாலில் அனுப்பலாமா, ஊருக்குப் போய்ப் போடலாமா என்று கேட்பார்கள். அத்தையை வைத்து நான் பட்டதையும் பார்த்ததையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கும் எனக்கும் முன்கூட்டியே போடும் வசதி இங்கே கிடையாது. கலிபோர்னியாவில் குடியுரிமை வாங்கிவிட்ட என் அக்கா மகளுக்கு ஓட்டுச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வந்துவிடுகிறது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிரப்பி, கையெழுத்துப் போட்டு, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். அங்கே எல்லா வாக்காளருக்கும் அது உண்டு. நம் நாட்டில் தபால் ஓட்டு என்பது சில வகையினருக்கு மட்டும்: ராணுவம் போன்ற பணியில் இருப்பவர்கள், தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள், தேர்தல் ஆணையம் அறிவிக்கும் அத்தியாவசிய சேவைக்காரர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள், 85 வயது ஆனவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ உடல் குறைபாட்டுச் சான்றிதழ் உள்ளவர்கள். மற்றவர்களுக்கு வாக்குப்பதிவு நாளும் வரிசையும்தான்.

சரி, வீட்டு ஓட்டு எப்படி நடந்தது?

அதற்கு 12டி படிவம் கொடுக்க வேண்டும். பூத் அளவிலான அலுவலர், எல்லோரும் பி.எல்.ஓ. என்று சொல்வார்களே, அவரே வீட்டுக்கு வந்து கொடுத்தார். இதில் பலர் சறுக்குவது தேதியில்தான். டெல்லியில் தேர்தல் தேதியை அறிவிக்கும் நாள் வேறு, முறையான அறிவிக்கை வெளியாகும் நாள் வேறு. 2023இல் தேதியை அறிவித்தது மார்ச் 29. அறிவிக்கை வந்தது ஏப்ரல் 13. அதிலிருந்து ஐந்து நாளுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை கெஞ்சினாலும் எடுக்க மாட்டார்கள்.

வாக்குப்பதிவு மே 10. அதற்குப் பல நாள் முன்பே, ஒரு காலை நேரத்தில் வந்துவிட்டார்கள். இரண்டு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்க ஒரு பையன், கூடவே பி.எல்.ஓ. எங்கள் வீடு ஒற்றைப் படுக்கையறை வீடு, ஐந்து பேர் உள்ளே வந்ததும் கால் வைக்க இடமில்லை. அலுவலர் அம்மா "அஜ்ஜி, அஜ்ஜி" என்று கன்னடத்தில் பாசமாகப் பேசினார். அத்தை தமிழில் பதில் சொன்னார். இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

அட்டையில் செய்த மறைப்பைக் கட்டிலின் மேல் வைத்தார்கள். சீட்டை வைத்து எழுத அடியில் கெட்டியாக ஏதாவது வேண்டுமே என்று தேடியபோது நான் சப்பாத்திப் பலகையை எடுத்துக் கொடுத்தேன். அத்தை என்னைப் பார்த்து, "நீ போய் அடுப்பைப் பாரு" என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை. என் கணவர் ஆர்வத்தில் ஓரடி முன்னால் வர, அந்த வீடியோ பையன் தலையை அசைத்துப் பின்னால் போகச் சொன்னான். கை நடுங்கினாலும் அத்தை பேனாவால் டிக் போட்டுவிட்டார். மடித்த சீட்டை அவரே சின்ன உறையில் போட்டார். அதை ஒட்டி, உறுதிமொழித் தாளோடு சேர்த்துப் பெரிய உறைக்குள் வைத்து, எங்கள் கண் முன்னாலேயே பெட்டியில் போட்டார்கள். மொத்தம் இருபது நிமிடம். யாருக்குப் போட்டார் என்பது இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

இந்த வழியில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, 12டி ஏற்கப்பட்டுவிட்டால் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு பூத் கதவு உங்களுக்குத் திறக்காது. வீட்டுக்கு இரண்டு முறை வருவார்கள், இரண்டு முறையும் நீங்கள் இல்லையென்றால் அவ்வளவுதான். எங்கள் பின் தெருப் பெரியவர் ஒருவர் அந்த வாரம் பூராவும் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாக்குப்பதிவு நாளன்று எழுந்து நடந்தே பூத்துக்குப் போனார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கோபம் இன்னும் தணியவில்லை.

இன்னொன்று, தபால் ஓட்டு செல்லாமல் போகலாம். உறுதிமொழியில் கையெழுத்து இல்லை, எண் பொருந்தவில்லை, சீட்டு சின்ன உறைக்குள் இல்லை, இரண்டு பேருக்கு டிக், இப்படி ஏதாவது ஒன்று போதும். வீட்டு ஓட்டில் அலுவலர்கள் கூடவே இருப்பதால் ஆபத்து குறைவு, ஆனால் டிக் போடும் கை நம்முடையதுதானே. பூத்தில் மெஷினில் பட்டனை அமுக்கினால் செல்லாத ஓட்டு என்ற பேச்சே கிடையாது.

அடுத்தது பூத். 2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. தண்ணீர் லாரிக்காக ஊரே அலைந்த அந்தக் கோடையை பெங்களூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஏழு மணிக்கே ஆட்டோ பிடித்தோம். பள்ளிக்கூட வாசலில் வீல்சேர் இருந்தது, சாய்தளம் இருந்தது, முதியவர் என்று வரிசையில் நிற்கவிடாமல் நேராக உள்ளே அனுப்பினார்கள். இவ்வளவும் நான் எதிர்பார்க்காதது. அத்தைக்கும் தெருவைப் பார்த்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. பழைய பால்காரர் மனைவியைக் கண்டு பத்து நிமிடம் பேசினார். வீட்டுக்கு எத்தனை பெட்டி வந்தாலும் இது வராது.

உள்ளே போன பிறகுதான் வம்பு. மெஷின் வைத்திருந்த மேஜை உயரம். வீல்சேரில் உட்கார்ந்து கையை நீட்டினால் மேல் வரிசைப் பட்டன்கள் எட்டவில்லை. எழுந்து நிற்க முடியாது. தலைமை அலுவலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, துணைக்கு ஒருவர் வரலாம் என்றார். அதற்கு விதி இருக்கிறது: துணையாள் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், அன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் துணை போகலாம், ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துணையாளுக்கு வலது கை விரலில் மை வைப்பார்கள். நான் என் ஓட்டை ஏற்கெனவே போட்டிருந்ததால் இரண்டு கையிலும் மைசூர் மை. அன்றைக்கு மை வைத்த விரலைக் காட்டினால் இலவச தோசை என்று நிருபதுங்கா சாலையில் ஒரு ஓட்டலில் அறிவித்திருந்தார்கள். எனக்கு இரண்டு தோசை என்று என் கணவர் கிண்டல் செய்தார்.

ஆனால் மறைப்புக்குள் நடந்ததுதான் விஷயம். அத்தை என் காதைப் பிடித்து இழுத்து, எந்தச் சின்னம் என்று சொன்னார். "உன் புருஷன்கிட்ட சொன்னே, அவ்வளவுதான்." நான் அமுக்கினேன். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள், போட்ட சின்னம் அச்சான சீட்டு ஏழு நொடி தெரிந்து விழுந்தது. அத்தைக்கு அந்த எழுத்து தெரியவில்லை. பீப் சத்தம் மட்டும் கேட்டது, "ஆச்சா?" என்றார்.

பூத்தில்தான் ரகசியம், வீட்டில் குடும்பமே சுற்றி நிற்கும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் விஷயத்தில் தலைகீழாக நடந்தது. கட்டிலில் அவர் தன் கையால் யாருக்கும் தெரியாமல் போட்டார். பூத்தில் மருமகளிடம் சொல்லித்தான் போட முடிந்தது. அதனால் என் முடிவு இதுதான்: எழுந்து நின்று கையை நீட்டித் தானே பட்டனை அமுக்க முடிகிறவர்களை, 85 ஆனாலும், பூத்துக்கே கூட்டிப் போங்கள். அது முடியாது, ஆனால் பேனா பிடிக்க முடியும் என்றால் 12டி கொடுங்கள். மகனோ மருமகளோ மறைப்புக்குப் பக்கத்தில் நிற்கும் வீடாக இருந்தால் மட்டும் நான் இதை மாற்றிச் சொல்வேன்.

தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் விஷயத்தில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. என் நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. முன்பெல்லாம் தபால் ஓட்டுச் சீட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டு, எண்ணும் நாளுக்குள் அனுப்ப மறந்துவிடுவார்கள். 2023இல் விதியை மாற்றியதிலிருந்து, அவர்களுக்கென்று ஏற்பாடு செய்த மையத்திலேயே போட்டுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இன்னொரு வழி, பணி கிடைத்த இடம் சொந்தத் தொகுதிக்குள்ளேயே இருந்தால் தேர்தல் பணிச் சான்று வாங்கிக்கொண்டு அந்த பூத்திலேயே மெஷினில் போடலாம். நாத்தனார் இரண்டாவதைத்தான் சொல்வார்: "உறை, பசை, கையெழுத்து ஒண்ணும் வேண்டாம்."

அப்புறம் ஊர் ஓட்டு. என் தம்பி பெங்களூருக்கு வந்து பதினாறு வருடம். பெயர் இன்னும் ஆம்பூர் பட்டியலில். 2024இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, இங்கே 26, அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகள். முதல் நாள் ராத்திரி சாந்தி நகர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பஸ் பிடித்துப் போய், போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். பஸ் செலவும் லீவும் போகட்டும், ஊரைப் பார்த்த திருப்தி பெரிது என்கிறான். மறுக்க மாட்டேன். ஆனால் அவன் வீட்டுக் குப்பையை எடுக்காமல் போவது ஆம்பூர் நகராட்சி இல்லையே.

இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பவர்களையும் எனக்குத் தெரியும். அது சட்டப்படி கூடாது. பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. எஸ்.ஐ.ஆர். என்ற வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. செத்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பெயர்கள் எல்லாம் அதில் அடக்கம். இடம் மாறியவர்கள் படிவம் 8 கொடுத்தால் போதும், பழைய பெயர் அங்கிருந்து இங்கே வந்துவிடும். 2024இல் பெங்களூர் தெற்கு, மத்தி, வடக்கு மூன்று தொகுதிகளிலும் வாக்குப்பதிவு 55 சதவீதத்தைத் தொடவில்லை. இங்கே பட்டியலில் இருப்பவர்களே வராதபோது, வர ஆசைப்படுகிறவன் பெயர் ஆம்பூரில் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

இதெல்லாம் சட்டமன்றம், பாராளுமன்றம். வார்டுத் தேர்தல் கணக்கு வேறு. பெங்களூர் கடைசியாக மாமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது 2015 ஆகஸ்ட் 22. அப்போது 198 வார்டு. 2020 செப்டம்பரில் அந்த மாமன்றம் முடிந்தது. 2025 செப்டம்பரில் ஊரை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்தார்கள், பிறகு 369 வார்டு ஆக்கியிருக்கிறார்கள். இந்தத் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதற்குத் தனிச் சட்டம், தனி விதிகள். 12டி இருக்கும் விதிகள் பாராளுமன்ற, சட்டமன்றத் தேர்தலுக்கு மட்டும் ஆனவை. ஆகவே போன முறை வீட்டுக்கு வந்தார்கள், இந்த முறையும் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். வார்டு எல்லைகளே மாறிவிட்டதால் பூத் எது என்பதையும் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு இந்த வருடம் 85. வீட்டு ஓட்டுக்கான வயது வந்துவிட்டது, ஆனால் அவருக்கு முன்னால் இருப்பது வார்டுத் தேர்தல். மெஷின் இல்லாமல் வாக்குச்சீட்டில் நடத்தப் போவதாக மாநில ஆணையம் 2026 ஜனவரியில் சொன்னதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"சீட்டா? அப்போ மேஜை உசரம் ஒண்ணும் பண்ணாது. மடியில வச்சே குத்திடுவேன்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தச் சப்பாத்திப் பலகையை எடுத்துட்டு வந்துடு," என்றார்.