கோல்ஃப் ஆர் காருக்கு இரண்டு செட் டயர்: ஸ்டுட்கார்ட் கோடையிலும் ஆல்ப்ஸ் பனியிலும் என் அனுபவம்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வசிக்கும் நான், ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காரைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 2 லிட்டர் டர்போ இன்ஜின், 300 குதிரைத்திறன், ஆல்-வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை), 250 கி.மீ. வேகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட உச்ச வேகம் ஆகியவை அதன் அடிப்படை விவரங்கள். இத்தகைய காரை வைத்திருப்பவர்கள் கோடை டயரைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் மெனக்கெடுவதையும், குளிர்கால டயர் என்று வரும்போது 'நாலு மாசத்துக்குத்தானே' என்று விலை குறைந்ததை எடுத்து மாட்டிவிடுவதையும் தொடர்ந்து பார்க்கிறேன். என் கருத்து இதற்கு நேர்மாறானது. கோடையில், பெயர் பெற்ற நிறுவனங்களின் உயர்ரக டயர் எதுவாக இருந்தாலும், பொதுச் சாலையில் நாம் கேட்பதைவிட அதிகப் பிடிமானத்தையே தரும். குளிரும் ஈரமும் சேர்ந்த நாளில்தான் நல்ல டயருக்கும் சுமாரான டயருக்கும் உள்ள இடைவெளி பிரேக்கில் தெரியும். ஆகவே கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி குளிர்காலச் செட்டுக்குப் போக வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் குளிர்கால டயருக்கு நாள் குறித்த கட்டாயம் கிடையாது. சாலையில் பனியோ, உறைபனியோ, வழுக்கும் சேறுபனியோ இருந்தால் கட்டாயம் என்று 2010 முதல் விதி இருக்கிறது. மீறினால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு புள்ளியும் விழும். எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து மட்டும் உள்ள பழைய டயர்களுக்கு இருந்த சலுகை 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இப்போது மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால்தான் குளிர்கால டயராக ஏற்பார்கள். எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை விதி அமலில் இருக்கும், தடத்தின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரைக் குளிர்கால டயராகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஜெர்மனியில் சட்டப்படியான அளவு 1.6 மி.மீ.தான் என்பதால் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தச் சின்னம் ஒரு குறைந்தபட்சத் தகுதிதான். பனியின் மேல் நடத்தப்படும் சோதனையில் தேறியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. 3 டிகிரி குளிரில், மழை பெய்யும் ஆட்டோபானில் (ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலை), 130 கி.மீ. வேகத்தில் அந்த டயர் எப்படி நிற்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. தென்மேற்கு ஜெர்மனியின் சமவெளியில் குளிர்காலத்தின் பெரும்பாலான நாட்கள் இப்படிப்பட்ட ஈர நாட்களே. எனவே நான் டயர் தேடியபோது முதல் அளவுகோலாக ஈரச்சாலை பிரேக்கிங்கையும், இரண்டாவதாகப் பனியையும், மூன்றாவதாக அதிவேக நிலைத்தன்மையையும் வைத்துக்கொண்டேன். நார்டிக் நாடுகளுக்காகச் செய்யப்படும் மிக மென்மையான டயர்களை அப்போதே ஒதுக்கிவிட்டேன். உறைபனியில் அவற்றுக்கு நிகரில்லை என்றாலும், ஈரமான ஆட்டோபானுக்கு அவை செய்யப்பட்டவை அல்ல. ஆணி பதித்த டயருக்கு ஜெர்மனியில் பொதுவாக அனுமதி இல்லை.

அளவு விஷயத்தில் கோடைக்கு 235/35 ஆர்19, குளிருக்கு 225/40 ஆர்18 என்று பிரித்துக்கொண்டேன். முதல் எண் மி.மீ. கணக்கில் டயரின் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இரண்டின் சுற்றளவுக்கும் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். சற்றே ஒடுங்கிய டயர் சேறுபனியையும் தேங்கிய நீரையும் எளிதாகக் கிழித்துக்கொண்டு போகிறது; பக்கச்சுவர் உயரமாக இருப்பதால், பனி உருகிய பின் சாலையில் தோன்றும் குழிகளில் ரிம் அடிபடும் வாய்ப்பும் குறைகிறது; செட்டின் விலையும் கணிசமாக இறங்குகிறது. பார்வைக்கு 19 அங்குலமே அழகு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் டிசம்பரில் உப்பும் சேறும் அப்பிய காரை யார் பார்க்கப் போகிறார்கள்?

வேகக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். வி என்றால் 240 கி.மீ., டபிள்யூ என்றால் 270 கி.மீ. வரை. காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த குறியீடுள்ள குளிர்கால டயரைப் போடலாம். ஆனால் அந்த வரம்பை எழுதிய ஸ்டிக்கர் ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். மெஷ்லின் பைலட் அல்பின் 5 இந்த அளவில் டபிள்யூ குறியீட்டோடு கிடைத்ததால் எனக்கு அந்தத் தேவை எழவில்லை. கான்டினென்டலின் விளையாட்டு ரகக் குளிர்கால டயரும் இறுதிப் பட்டியலில் இருந்தது; இரண்டில் எதை எடுத்திருந்தாலும் நிறைவாகவே இருந்திருக்கும். ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசியின் டயர் சோதனை முடிவுகளைப் படித்தேன் என்றாலும், அவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட சில அளவுகளையே சோதிக்கிறார்கள் என்பதையும், 2023 முதல் மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் சுற்றுச்சூழல் அம்சங்களுக்குப் போகிறது என்பதையும் நினைவில் வைத்தே படித்தேன். வேகமான காருக்கு வாங்குபவர் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஈரச்சாலைப் பகுதியைத் தனியே எடுத்துப் பார்ப்பது நல்லது.

குளிர்கால டயரின் தடக்கட்டையை (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை) கையில் பிடித்துப் பார்த்தால் அதன் வேலை விளங்கும். ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியதுபோல் அலையலையான மெல்லிய வெட்டுகள் வரிசையாக ஓடும். உறைபனிக்கு அருகான குளிரிலும் நகத்தால் அழுத்தினால் ரப்பர் உள்ளே போகும். அதே காலையில் கோடை டயரில் நகம் இறங்காது. பனியில் அந்த வெட்டுகள் விரிந்து பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களில் அடைபட்ட பனி, தரையில் கிடக்கும் பனியோடு ஒட்டிப் பிடிக்கிறது. '7 டிகிரிக்குக் கீழே கோடை டயர் உதவாது' என்று சொல்வது ஒரு தோராயக் கணக்குதான். உலர்ந்த சாலையில் 5 டிகிரியிலும் நல்ல கோடை டயர் உடனே கைவிடுவதில்லை. ஈரம் சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது.

ஓட்டிப் பார்த்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆஸ்திரியாவின் ஃபெர்ன்பாஸ் மலைச்சாலை. அது சுமார் 1,200 மீட்டர் உயரம். பனி பெய்துகொண்டிருந்த மாலையில், ஏற்றத்தில் மற்ற கார்கள் சக்கரம் சுழன்று தவித்த இடத்தில் கோல்ஃப் ஆர் எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறியது. ஆபத்து அந்த எளிமையில்தான் இருக்கிறது. ஆல்-வீல் டிரைவ் காரை முன்னே தள்ளுவதற்கு உதவுமே தவிர, நிறுத்துவதற்கு உதவாது. இறக்கத்தில் என் காருக்கும் முன்னால் போன சிறிய ஃபியட்டுக்கும் இருந்த பிடிமானம் நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தியபோது ஏபிஎஸ் காலடியில் படபடவென்று அடித்தது. வேகம் சீராக இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பிய பக்கம் கார் திரும்பியது. உலர்ந்த சாலையில் இதே டயர் சற்றுக் குழைவாகத்தான் தெரிகிறது. ஸ்டியரிங்கின் கூர்மை கோடைச் செட்டோடு ஒப்பிட முடியாதது. மார்ச் மாத இறுதியில் வெயில் ஏறும் நாட்களில் இந்தக் குறை நன்றாகவே உறைக்கும்.

இரண்டு செட்டும் வேண்டாம், ஆல்-சீசன் டயர் போதாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நகரத்துக்குள் ஓடும் சிறிய காருக்குத் தாராளமாகப் போதும். 300 குதிரைத்திறன் காரில் அது இரண்டு பருவத்திலும் அரைத் திருப்தியையே தரும் என்பது என் எண்ணம்.

கோடைச் செட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் போட்டிருக்கிறேன். ஈரத்திலும் உலர்விலும் நம்பகமாக நடந்துகொள்கிறது. முன் டயர்கள் பின்னவற்றைவிட வேகமாகத் தேய்கின்றன. நான்கும் ஒரே அளவு என்பதால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முன்னும் பின்னும் இடம் மாற்றிவிடுகிறேன். ஆல்-வீல் டிரைவ் அமைப்புக்கும் நான்கு டயர்களின் தேய்மானம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே நல்லது. சுழற்சித் திசைக்கு அம்புக்குறி உள்ள குளிர்கால டயரை மட்டும் அந்தந்தப் பக்கத்திலேயே முன்பின்னாக மாற்ற வேண்டும். ஒருமுறை டயர் கடையில் இரண்டு சக்கரங்களை அம்புக்கு எதிராக மாட்டிக் கொடுத்தார்கள். அன்று முதல் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் நான்கையும் குனிந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறையாவது, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 0.1 பார் குறையும். என் காரில் டயருக்குள் சென்சார் கிடையாது. சக்கரச் சுழற்சியை ஒப்பிட்டே அழுத்தக் குறைவைக் கண்டுபிடிக்கிறது. குளிர் வந்தால் நான்கு டயரிலும் ஒன்றுபோலவே அழுத்தம் இறங்குவதால், அந்த எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது. சக்கரம் மாற்றிய பின் அழுத்தத்தைச் சரிசெய்து, அமைப்பில் புதிய மதிப்பைச் சேமிக்கவும் வேண்டும். வீல் போல்ட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடி சரிபார்க்கிறேன்.

இப்போது குளிர்காலச் செட்டில் 5 மி.மீ.க்குச் சற்று மேல் தடம் மீதமிருக்கிறது. ஆஸ்திரியப் பயணம் இல்லையென்றால் இன்னொரு பருவத்துக்கு வரும். போவதாக இருப்பதால் செப்டம்பரிலேயே புதிய செட்டுக்குச் சொல்லிவிடப் போகிறேன். முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடைகளில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு.