ஐ3-யா, ரைசனா? எழுபதாயிரத்தில் ஒரு கேமிங் பிசி

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த கையோடு, "மாமா, லேப்டாப் வேண்டாம், கேமிங் பிசி போடலாம்" என்றான். அக்கா ஒதுக்கியது எழுபதாயிரம், மானிட்டரும் அதற்குள்தான். 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலைந்து கடை ஏறி இறங்கினோம்.

முதல் கடையில் பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. "ஐ7 பிராசஸர்" என்று கொட்டை எழுத்து, எத்தனையாவது ஜெனரேஷன் என்று இல்லை. "கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி", மாடல் பெயர் இல்லை. "எஸ்எம்பிஎஸ் 500 வாட்", அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி, கம்பெனி பெயர் இல்லை. கேட்டதற்குத்தான் அது நாலாம் ஜெனரேஷன் ஐ7 என்று வந்தது. அதாவது 2013-ல் வந்த சரக்கு. அதில் இருப்பது நாலு கோர் (கணக்குப் போடும் மூளை), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). பன்னிரண்டாம் ஜெனரேஷன் ஐ3-யிலும் அதே நாலும் எட்டும்தான், ஆனால் வேகத்தில் பழைய ஐ7 அதன் பக்கத்தில்கூட நிற்காது. மருமகன் முகத்தில் ஐ7 என்ற சொல்லுக்கே ஒரு வெளிச்சம் வந்து போனது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்த மூன்று கூட்டணிகள் மிஞ்சின. ஒன்று, ஏஎம்டி-யின் ரைசன் 5 5600 பிராசஸருடன் அதே ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6600 கார்டு. இரண்டு, இன்டெல் ஐ5-12400எஃப்-உடன் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. மூன்று, பிராசஸரில் மிச்சம் பிடித்து கார்டில் கொட்டுவது: ஐ3-12100எஃப்-உடன் ஆர்டிஎக்ஸ் 4060. எங்களுக்குச் சொன்ன விலையில், மானிட்டர் பதினோராயிரத்தையும் சேர்த்தால் முதலாவது சுமார் 68,000, இரண்டாவது 73,000, மூன்றாவது சரியாக 70,000. ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 1 டிபி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் மூன்றுக்கும் ஒன்றே.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். 12400எஃப்-ம் 5600-ம் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், இரண்டும் 2022-ல் வந்தவை, கேமில் முன்னே பின்னேதான் ஓடும். ஆகவே வித்தியாசம் கார்டில். 1080பி-யில், அதாவது ஃபுல் எச்டி திரையில், ஆர்எக்ஸ் 6600-ம் 3060-ம் ஏறக்குறைய ஒரே ஓட்டம், ஆனால் 3060-க்கு ஐயாயிரம் கூட. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? 8-க்குப் பதில் 12 ஜிபி மெமரி. டிஎல்எஸ்எஸ்: குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் இந்த வித்தையில், 1080பி-யில் ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர்-ஐவிடப் படம் தெளிவாக இருக்கும். அப்புறம் பிளெண்டர், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் என்று போனால் என்விடியா கார்டுக்குத்தான் சாஃப்ட்வேர் ஆதரவு அதிகம். பையன் அனிமேஷன் படிப்பவனாக இருந்திருந்தால் அக்காவிடம் இன்னொரு மூவாயிரம் கேட்டு இதைத்தான் வாங்கியிருப்பேன். இவன் சேர்ந்திருப்பது சிவில்.

கரண்ட் செலவைச் சொல்லி 3060-ஐத் தள்ளுபவர்களும் உண்டு. அது 170 வாட், 6600 132 வாட். தினம் நாலு மணி நேரம் முழு மூச்சில் ஆடினாலும் இரண்டு மாத பில்லில் வித்தியாசம் ஒன்பது யூனிட். ஏசி ஓடும் வீட்டில் யார் அதைக் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

உண்மையான போட்டி ஒன்றுக்கும் மூன்றுக்கும்தான். இதில் நானே இரண்டு ராத்திரி தடுமாறினேன். கேமிங் பிசி என்றால் கார்டில் பணத்தைப் போடு, பிராசஸரில் மிச்சம் பிடி என்பது பொதுவான பேச்சு, அது பெரும்பாலும் சரியும்கூட. 4060 மற்ற இரண்டு கார்டுகளையும்விடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வேகம், 115 வாட்தான் இழுக்கும், நடுநடுவே படங்களைத் தானே வரைந்து சேர்க்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் உண்டு. சைபர்பங்க் மாதிரி கண்ணைப் பறிக்கும் கதை கேம்களைத் தனியாக உட்கார்ந்து நொடிக்கு 60 படம் (ஃப்ரேம்) காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஆடுகிறவருக்கு மூன்றாவது கூட்டணிதான் லாபம். நாலு கோர் ஐ3 அந்த 60 ஃப்ரேமைப் பெரும்பாலும் கொடுத்துவிடும், மீதியைக் கார்டு பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இவன் ஆடுவது வேலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்கள். ஹெட்செட்டில் டிஸ்கார்ட் அரட்டை, பின்னால் குரோமில் பத்து டேப். இந்த மாதிரி கேமில் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஃப்ரேமைத்தான் ஏற்றுவார்கள். அப்போது கார்டு சும்மா இருக்கும், பிராசஸர் மூச்சு வாங்கும். சராசரி எண்ணைப் பார்த்தால் ஐ3 ஒன்றும் மோசமில்லை. சிக்கல் சண்டை மூளும் அந்த ஒரு நொடியில். புகைக் குண்டு வெடித்து, நாலு பேர் ஒரே மூலையில் சுடும்போது ஃப்ரேம் எண் சட்டென்று விழும், திரை ஒரு தட்டுத் தட்டும். அங்கேதான் கூடுதல் இரண்டு கோரும், 5600-ன் 32 எம்பி கேஷும் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) வேலை செய்கின்றன. ஐ3-யில் கேஷ் 12 எம்பி.

ஐ3-யை எடுத்தால் பட்ஜெட்டுக்குள் நிற்க எச்610 என்ற மலிவு மதர்போர்டுதான் சரிப்படும். இரண்டே ராம் ஸ்லாட். நாளைக்கு அதே போர்டில் ஐ5 மாட்டலாம், மறுக்கவில்லை, ஆனால் அது பிராசஸரை இரண்டு தரம் வாங்குகிற கதை. 5600-க்கு நாங்கள் பார்த்தது பி550 போர்டு. அதில் பிராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டும் கடைசிக் காலத்தில் இருப்பதுதான். அடுத்த தலைமுறை ரைசன் அதில் ஏறாது, ஏஎம்5-க்குத்தான் போகும். இருந்தாலும் 5700எக்ஸ்3டி மாதிரி கேமுக்கென்றே வந்த சிப்பை இதே போர்டில் மாட்ட வழி இருக்கிறது. அப்படியானால் இப்போதே ஏஎம்5 போகலாமே என்று மருமகன் கேட்டான். கேள்வி நியாயம்தான். பிராசஸர், போர்டு, டிடிஆர்5 ராம் மூன்றிலும் விலை ஏறி, கார்டுக்கு என்று மிஞ்சும் பணம் கரைந்துவிடும். எண்பத்தைந்து, தொண்ணூறு இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

5600 வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "5500-ம் அதேதான் சார், ரெண்டாயிரம் கம்மி" என்பார்கள். அதே இல்லை. கேஷ் பாதி, கார்டுக்குப் போகும் பாதையும் பழைய பிசிஐ 3.0. 5600ஜி-யும் அப்படித்தான், அதில் கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டிலும் இதே வேலை உண்டு: 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை, மெமரி மட்டும் குறைவு என்று தோன்றும். 6 ஜிபி வகையில் சிப்பையே வெட்டியிருக்கிறார்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கெடுபிடி. பல வருஷத்துக்கு முன் எனக்கு அசெம்பிள் செய்து கொடுத்தவர் பெயர் தெரியாத 500 வாட் பெட்டியை வைத்தார். கார்டுக்கு வேண்டிய பின் அதில் கிடையாது. பழைய ஹார்டு டிஸ்க்குக்கான மோலெக்ஸ் ஒயர் இரண்டைச் சேர்க்கும் கன்வர்ட்டர் போட்டு ஒப்பேற்றியிருந்தார். ஒரு மே மாத மத்தியானம் பிளாஸ்டிக் கருகும் வாசனை. கழற்றிப் பார்த்தால் மஞ்சள் ஒயரின் நுனி உருகி கனெக்டரோடு ஒட்டிக் கிடந்தது. போர்டும் சேர்ந்து போனது. இந்த முறை நாலாயிரம் கொடுத்து, கார்டுக்கான எட்டு பின் கேபிள் பெட்டியிலிருந்தே வரும் 550 வாட் வாங்கினோம். பெட்டியின் மேல் இருக்கும் 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கல) முத்திரை கரண்ட் வீணாகாத அளவைத்தான் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. அதனால் முத்திரையோடு ஐந்து வருஷ வாரண்டியும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

ராமில் 16 ஜிபி ஒற்றைக் குச்சியா, 8 ஜிபி இரண்டா? இரண்டு. ஒற்றைக் குச்சியில் பிராசஸருக்கு ஒரு வாசல்தான் திறக்கும். மாட்டும்போது பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யைப் போடாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் அதைவிட மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் இரண்டு குச்சிக்கும் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்தோம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ராம் விலை எகிறியதே, அதற்குப் பின் இந்தப் பட்டியலை எடுத்துப் போகிறவர் இந்த வரியை அடித்துவிட்டு அன்றைய விலையை எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவதையே எடுத்தோம். மிச்சம் இருந்த இரண்டாயிரத்தில் கேபினெட்டுக்கு முன்பக்கம் இரண்டு ஃபேன், கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கும் ஒரு ஸ்பைக் கார்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் பேப்பர் விரித்து அவனே மாட்டினான். நான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். முதல் தரம் ஆன் செய்ததும் ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. எச்டிஎம்ஐ கேபிளைப் போர்டில் செருகியிருந்தான். 5600-ல் உள்கிராபிக்ஸ் கிடையாதே! கார்டில் மாற்றிச் செருகியதும் படம் வந்தது.

பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். "எப்படி மாமா ஓடுது பாருங்க" என்று பெருமையாக ஆடிக் காட்டினான். ஓரத்தில் ஃப்ரேம் எண் இருநூறைத் தாண்டி நின்றது, எனக்கென்னவோ திரை அவ்வளவு வழுக்கலாகத் தெரியவில்லை. கேமை மூடச் சொல்லி விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸைத் திறந்தேன். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், பத்து நாளாக 60-ல் ஓடிக்கொண்டிருந்தது.