மாட்டு ரத்தத்தை மனிதக் கணக்கில் அளந்த லேப்: என் அனுபவம்

கன்று ஈன்று பத்தாவது நாள், எங்கள் மாட்டுக்கு வலது பின்மடி கல் மாதிரி இறுகிப் போய், பால் திரிந்து கட்டிகட்டியாக வந்தது. மடிநோய் என்பதற்கு டெஸ்ட் எதுவும் தேவையில்லை, தொட்டாலே தெரிந்தது. ஆனால் தீனியைத் தொடாமல் காது ஜில்லிட்டு நின்றதால், விஷயம் மடியோடு நிற்கவில்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, கால்நடை மாதிரிகளும் பார்ப்போம் என்று விளம்பரம் செய்யும் ஒரு லேபுக்கு அனுப்பினார். பெயர் வேண்டாம், அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

வேகத்தில் குறை இல்லை, மறுநாள் காலையே ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு. குளுக்கோஸ் 54, குறைவு. கல்லீரலோ தசையோ பழுதானால் ரத்தத்தில் ஏறும் நொதியான ஏஎஸ்டி 98, அதிகம். கல்லீரல் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் அச்சிட்டிருந்தது மனிதர்களுக்கான அளவு. அசைபோடும் பிராணிக்குத் தீனியிலிருந்து சர்க்கரை நேராக ரத்தத்துக்குப் போவதில்லை, வயிற்றில் நொதித்து வரும் அமிலத்தை வைத்துக் கல்லீரல்தான் செய்துகொள்ள வேண்டும், அதனால் 54 என்பது மாட்டுக்குச் சாதாரணம். ஏஎஸ்டியும் அப்படித்தான், மனிதனுக்கு 40 தாண்டினால் பயம், மாட்டுக்கு 98 ஒன்றுமே இல்லை.

சரி, உண்மையில் கவனிக்க வேண்டியது எது என்றால், அது என் கண்ணில் படவே இல்லை. மொத்தப் புரதம் 7.4, ‘நார்மல்’. அதன் இரண்டு பங்குகளைப் பிரித்துப் பார்த்தால் அல்புமின் 2.3, குறைவு; குளோபுலின் 5.1, அதிகம். வீக்கம் வந்தால் கல்லீரல் அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், இருப்பதிலும் கொஞ்சம் பழுதான மடி வழியாகப் பாலுக்குள் கசியும்; குளோபுலினில் சேரும் எதிர்ப்புப் புரதங்களோ ஏறும். ஒன்று இறங்க ஒன்று ஏற, கூட்டுத்தொகை மட்டும் யோக்கியமாக நிற்கிறது! இந்த அளவு மாற்றம் ஒரே நாளில் வராது, வெளியே தெரியாமல் நோய் முன்பே இருந்திருக்கும் என்றார் டாக்டர். மறைந்திருக்கும் மடிநோயைக் கண்டுபிடிக்க, சோப்புக் கரைசலில் பாலைக் கலந்து கெட்டியாகிறதா என்று பார்க்கும் அந்த நாலு குழித் தட்டைப் பரணில் போட்டு வைத்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அடுத்து நடந்ததுதான் பெரிய கூத்து. கால்சியம் 2.1, பொட்டாசியம் 14 என்று போட்டிருந்தார்கள். அந்த அளவில் மாடு நிற்காது, உயிரோடே இருக்காது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவிய ஊதா மூடி ட்யூபில் பார்த்திருக்கிறார்கள். அந்த மருந்து கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தன் பங்குக்குப் பொட்டாசியத்தையும் கொட்டும். போன் செய்தவுடன் தகராறு பண்ணாமல் சிவப்பு மூடி ட்யூபில் மறுபடி பார்த்துக் கொடுத்தார்கள், கால்சியம் 7.8. அதுவும் குறைவுதான், கடுமையான மடிநோயில் இறங்குவது உண்டு, டாக்டர் அன்றே கால்சியம் ஏற்றினார். தப்பை ஒப்புக்கொண்டதற்காக ஒரு நட்சத்திரம் கூடுதல்.

ஹேப்டோகுளோபின் டெஸ்ட் இவர்களிடம் இல்லை. நல்ல மாட்டின் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலே இருந்து, வீக்கம் வந்த ஓரிரு நாளில் பல மடங்கு ஏறும் புரதம் அது. கால்நடை லேப் என்று பலகை மாட்டியவர்கள் வைத்திருக்கலாம். அப்புறம், எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் ரத்தத்தில் தெரியாது, அதற்குப் பாலைத்தான் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். இதைப் பதிவு செய்யும்போதே அவர்கள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஐந்துக்கு மூன்று. மாடு நடமாடுகிறது, அந்தக் காம்பில் மட்டும் பால் பாதிதான். இரண்டாவது முறை அனுப்பும்போது படிவத்தில் ‘மாடு’ என்று பெரிதாக எழுதி, வயது 4 என்றும் போட்டேன். இந்த முறை குழந்தைகளுக்கான அளவில் ரிப்போர்ட் வந்தது.