ஸ்லீப்பில் போட்டேன், காலையில் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை: இரண்டரை வருட அனுபவம்

விண்டோஸில் ஓடும் கையடக்க கேமிங் கருவி ஒன்றை இரண்டரை வருடமாக வைத்திருக்கிறேன். திரை, வேகம், பேட்டரி பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது பட்டன்களைப் பற்றி. டிவியில் விளையாடும்போது கன்ட்ரோலர் கெட்டால் இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். இதில் கன்ட்ரோலர் உடம்போடு ஒட்டியது. அது போனால் கருவியே போன மாதிரிதான்.

எனக்கு முதலில் அப்படி ஆனது ஏழாவது மாதம். ராத்திரி விளையாடிவிட்டு ஸ்லீப்பில் போட்டேன். காலையில் திரை வந்தது, தொடுதிரை வேலை செய்தது, சத்தம் கூட்டும் பட்டன்கூட வேலை செய்தது. ஜாய்ஸ்டிக், டிரிகர், ஏ, பி எதிலும் அசைவே இல்லை. ரீஸ்டார்ட் செய்தேன், அப்படியேதான். பதற்றத்தில் கேமை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். அறுபது ஜிபி வீணானதுதான் மிச்சம். சர்வீஸ் சென்டரைக் கேட்டால், அனுப்பி வையுங்கள், மதர்போர்டு மாற்ற மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தேன். பட்டன்கள் எல்லாம் உள்ளே ஒரு சிறிய சிப்பில் போய்ச் சேருகின்றன. அந்தச் சிப் யூஎஸ்பி வழியாகத்தான் கணினியோடு பேசுகிறது. வெளியே வயர் தெரியாவிட்டாலும் விண்டோஸைப் பொறுத்தவரை அது செருகி வைத்த ஒரு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர். அத்தனை பட்டனும் ஒரே ராத்திரியில் தேய்ந்துபோகாது. அப்படியானால் போனது அந்த ஒரு இணைப்பாகத்தான் இருக்க வேண்டும். இணைந்திருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், அடையாளம் தெரியாத யூஎஸ்பி சாதனம் ஒன்று மஞ்சள் முக்கோணத்தோடு உட்கார்ந்திருந்தது.

ரீஸ்டார்ட் ஏன் உதவவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. விண்டோஸ் புதிதாகத் தொடங்கினாலும் அந்தச் சிப்புக்குப் போகும் மின்சாரம் நிற்பதே இல்லை. சார்ஜரைப் பிடுங்கினேன். முழுதாக ஷட்டவுன் செய்து, பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடித்தேன். மறுபடி ஆன் செய்ததும் ஜாய்ஸ்டிக்கைச் சுற்றியிருக்கும் விளக்கு வட்டம் எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை, அதாவது அந்தச் சிப்புக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பித்தேன். ஸ்லீப்பை விட்டுவிட்டு, இருந்த நிலையைச் சேமித்துவிட்டு அணைந்துவிடும் ஹைபர்நேட்டுக்கு மாறினேன். எழும்பப் பத்து விநாடி கூடுதலாக ஆகிறது, ஆனால் அந்தப் பிரச்சினை திரும்ப வரவில்லை.

இரண்டாவது தடவை கதை வேறு. இந்த முறை இடது ஜாய்ஸ்டிக் மட்டும். விண்டோஸின் ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று அடித்தால் வரும் சோதனைப் பெட்டியில், மேலே கீழே தள்ளினால் கூட்டல் குறி ஓரம் வரை போனது. இடது பக்கம் தள்ளினால் பாதியில் நின்றுவிட்டது. மற்ற பட்டன்கள் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கின் நடுவும் ஓரமும் எது என்று கருவிக்குச் சொல்லித்தரும் அளவீட்டை (கேலிபிரேஷன்) ஒரு முறை செய்து பார்த்தேன், பலனில்லை.

வாரன்டி முடிந்திருந்ததால் துணிந்து திறந்தேன். வாரன்டி இருந்தால் நீங்கள் திறக்காதீர்கள். முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது, இதில் அவசரமே கூடாது. ஜாய்ஸ்டிக்கின் ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் கறுப்புத் தாழ்ப்பாள் அரிசி அகலம்தான் இருக்கும். நக நுனியால் மெதுவாக நிமிர்த்தினால் கேபிள் தானே நழுவி வரும், இழுத்தால் போச்சு. கேபிளைத் திரும்பச் செருகிப் பார்த்தும் மாற்றமில்லை. கழற்றிய ஜாய்ஸ்டிக்கின் பக்கவாட்டு மூடியைப் பிரித்தால் உள்ளே கார்பன் பாதை ஓரிடத்தில் வெளுத்திருந்தது, சுற்றிலும் மை போல் கறுப்புத் தூள். உலோக நாக்கு அதன் மேல் உரசி உரசித்தான் திசை சொல்கிறது. இரண்டு வருட உரசலில் பாதையே தேய்ந்துவிட்டது.

காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் வகை ஜாய்ஸ்டிக்கைப் போட்டேன். அதன் உணரியில் இந்த உரசல் கிடையாது. மாட்டியவுடன் நடுப்புள்ளி கொஞ்சம் விலகியிருந்தது, அளவீடு செய்ததும் சரியாகிவிட்டது. ஜோடியாகத்தான் விற்றார்கள். வலது பக்கம் இன்னும் பழையதே ஓடுகிறது, அதற்கான மற்றொன்று மேசை டிராயரில் இருக்கிறது.