மெய்நிகர் கணினிக்கு எவ்வளவு ரேம்? திரைவாசிப்பானோடு பழகிய அனுபவம்

திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பானோடு விஎம் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, அதாவது மெய்நிகர் கணினி) ஓட்ட நினைக்கிற யாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ரேம் கொடுக்கணும்?" என்பதுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 16 ஜிபி உள்ள கணினியில் விண்டோஸ் 11 விஎம்முக்கு 6 ஜிபி. லினக்ஸ் என்றால் 2 முதல் 4 ஜிபி. ஏன் 4 போதவில்லை, 8 கொடுக்க இடமிருந்தும் ஏன் கொடுப்பதில்லை என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் முழுப் பார்வையற்றவன். இணையதளங்களும் மென்பொருள்களும் திரைவாசிப்பானோடு ஒழுங்காக ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. அதனால் ஒரே மடிக்கணினிக்குள் பல கணினிகள் எனக்குத் தேவை. வெளியே விண்டோஸ் 11, அதில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான். உள்ளே, விஎம் ஓட்டும் மென்பொருளான விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோவில் சோதனைக்கென்று ஒரு விண்டோஸ் 11, ஆர்கா என்ற லினக்ஸ் திரைவாசிப்பானோடு ஒரு டெபியன் லினக்ஸ். ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்குமே இலவசம் என்பதால் இப்போது தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். இதே வேலைக்கான விர்ச்சுவல்பாக்ஸும் நிறைய நாள் ஓட்டியிருக்கிறேன், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியும் பழக்கம் உண்டு.

கண்ணால் பார்த்து வேலை செய்கிறவருக்கு விஎம் திணறினால் திரையில் ஒரு வட்டம் சுழல்வது தெரியும். பாதி வரைந்த சாளரம் தெரியும். 'சரி, ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது' என்று காத்திருப்பார். நமக்கு அந்த வசதி இல்லை. டேப் அழுத்துகிறோம், பேச்சு வரவில்லை. கீ போய்ச் சேரவில்லையா, என்விடிஏ உறைந்துவிட்டதா, ஒலி போய்விட்டதா, ஃபோகஸ் வெளி விண்டோஸுக்குத் தாவிவிட்டதா? நான்குமே காதுக்கு ஒரே மௌனம்தான். சந்தேகத்தில் இன்னும் இரண்டு டேப் அடிக்கிறோம். அப்புறம் அவ்வளவும் சேர்ந்து போய் விழுகிறது, நாம் நினைக்காத பொத்தானில் நிற்கிறோம். கோப்பை அழிக்கலாமா என்று கேட்கிற பெட்டியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே நம் விஷயத்தில் ரேம் ஒதுக்குவது வேகத்துக்காக மட்டும் இல்லை. அழுத்தின கீக்கு உடனே பதில் வரும் என்ற நம்பிக்கைக்காக.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்கிறது மைக்ரோசாஃப்ட். விஎம்முக்குள் அதை மட்டும் கொடுத்தால் கணினி கிளம்பும். நோட்பேட், ஃபைல் எக்ஸ்ப்ளோரர், செட்டிங்ஸ் எல்லாம் நன்றாகவே பேசும். பிரவுசரைத் திறந்ததும் நிலைமை மாறிவிடும். திரைவாசிப்பான் ஓடுகிறது என்று தெரிந்தால் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாமே பக்கத்தின் ஒவ்வொரு தலைப்பையும் இணைப்பையும் பொத்தானையும் திரைவாசிப்பான் படிப்பதற்கான பட்டியலாக, அதாவது அணுகல் மரமாகக் கட்டிக் கொடுக்கின்றன. அதற்கு மேல் என்விடிஏ, பக்கத்தை வரிவரியாகப் படிக்க உதவும் தன் பிரவுஸ் மோடுக்காக அந்தப் பக்கத்துக்கு ஒரு பிரதியைத் தயாரித்து வைக்கிறது. அதே பக்கத்தைக் கண்ணால் படிக்கிறவரின் பிரவுசருக்கு இந்த இரண்டு வேலையும் கிடையாது. பார்வையுள்ள நண்பர் "நாலு ஜிபியில் எனக்கு நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொன்னால் அது உண்மைதான், நமக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

4 ஜிபியில் என்ன நடக்கிறது என்பதை என்விடிஏவின் லாகிலேயே (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு) பார்க்கலாம். என்விடிஏ கீயோடு (கட்டளைகளுக்கு அழுத்தும் கீ, வழக்கமாக இன்சர்ட்) எஃப்1 அழுத்தினால் லாக் வியூவர் திறக்கும். பெரிய அட்டவணை உள்ள பக்கம் ஒன்றையும், நீளமான வேர்ட் கோப்பு ஒன்றையும் திறந்துவிட்டு, பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடும் நேரமாகப் பார்த்து ஆல்ட்-டேப் அடித்தால், 'கோர் ஃப்ரோஸன்' என்ற எச்சரிக்கை வரிகள் லாகில் விழும். என்விடிஏவின் மையப் பகுதி பதில் சொல்லாமல் நின்றுபோன நேரங்கள் அவை. 6 ஜிபியாக, அதாவது 6144 எம்பியாக உயர்த்தி அதே பக்கம், அதே கோப்பு, அதே வேலை செய்து பார்த்தேன். அந்த வரிகள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. பேச்சு வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரியும்.

அப்படியானால் 8 கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். உள்ளே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் வெளியே வருகிறது.

விஎம்முக்குள் வேலை செய்யும்போது வெளியே இருக்கிற என்விடிஏ சும்மா இருக்கும். வெளி விண்டோஸில் இடம் நெருக்கினால், சும்மா இருக்கிற நிரல்களின் பக்கங்களைத்தான் விண்டோஸ் முதலில் ஓரங்கட்டும், கொஞ்சத்தை வட்டுக்கும் அனுப்பும். ஒரு மணி நேரம் உள்ளே சோதித்துவிட்டு கன்ட்ரோல்-ஆல்ட் அழுத்தி வெளியே வருகிறோம். பேச்சு இல்லை. வெளி என்விடிஏ தன் நினைவகத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு எழ சில நொடிகள் ஆகிறது. அந்த நேரத்தில் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பதே தெரியாது. வெளியே பிரவுசர், மெயில், ஒரு மீட்டிங் செயலி இவ்வளவும் திறந்திருக்கும் கணினியில் விஎம்முக்கு 8 ஜிபி கொடுத்தால் இது அடிக்கடி நடக்கும். உள்ளே ஒரு குரல், வெளியே ஒரு குரல் என்று இரண்டு குரல்களை நாம் வாழ வைக்க வேண்டும். உள்ளே இருப்பது நின்றுபோனால் வெளியே வந்து அந்த விஎம்மை நிறுத்திக்கொள்ளலாம். வெளியே இருப்பது நின்றுபோனால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் வெளிக் கணினிக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு மீதத்தைத்தான் விஎம்முக்குக் கொடுக்கிறேன். 16 ஜிபியில் வெளிக்குப் பாதிக்கு மேல் எப்போதும் இருக்கும்.

ரேம் கூட்டுவதற்கு முன்னால், தாமதம் எந்த வகை என்று காதால் பிரித்துக்கொள்வது நல்லது. எல்லாத் தாமதத்துக்கும் ரேம் காரணம் இல்லை. நான் செய்யும் சோதனை எளிது: நீளமான ஒரு உரைக்கோப்பைத் திறந்து முழுவதும் வாசிக்க விட்டு, நடுவில் கன்ட்ரோல் அழுத்துவேன். பேச்சு எவ்வளவு சீக்கிரம் வாயை மூடுகிறது என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சின்ன இழுப்புக்குப் பின் நின்றால் அது ஒலி பஃபர், அதாவது ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம். விஎம்மின் ஒலி அட்டை வெளிக் கணினியின் ஒலி வழியாகத்தான் வர வேண்டும், அந்த வழியில் ஆகிற தாமதம் அது. ரேமை இரட்டிப்பாக்கினாலும் மாறாது. பேச்சு கரகரத்து, துண்டு துண்டாக உடைந்து வந்தால் பெரும்பாலும் பிராசசர் போதவில்லை. விஎம்முக்கு பிராசசரின் ஒரே ஒரு கோர் கொடுத்திருந்தால் இரண்டாக்கினாலே நல்ல மாற்றம் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று மௌனமாகி, பிறகு குவிந்த கீகளெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தால், அதுதான் ரேம் பஞ்சம். விஎம்முக்குள் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பகுதியில் ஹார்ட் ஃபால்ட்ஸ் எண்ணை (ரேமில் இல்லாததை வட்டிலிருந்து எடுக்க வேண்டிவந்த தடவைகள்) கேட்டுப் பாருங்கள். மௌனம் வரும்போதெல்லாம் அந்த எண்ணும் ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

நான்காவதாக ஒரு வகை உண்டு, அது எப்போதுமே எல்லாமே மந்தமாக இருப்பது. விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளி விண்டோஸில் ஹைப்பர்-வியோ, விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பான கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியோ இயங்கிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் பிராசசரின் வசதியை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாமல் மாற்று வழியில் ஓடும். அப்போது அதன் நிலைப்பட்டையில் ஒரு பச்சை ஆமைச் சின்னம் வரும். ஆமையை நாம் பார்க்கப் போவதில்லை. அந்த விஎம்மின் லாக் கோப்பைத் திறந்து NEM என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தேடினால், மாற்று வழிக்குப் போனதாக ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் எத்தனை ஜிபி கொடுத்தும் பயன் குறைவு.

ரேம் எண்ணை மாற்றுவது சுலபம். விர்ச்சுவல்பாக்ஸில் பேஸ் மெமரிக்கு, அதாவது விஎம்மின் ரேமுக்கு, ஒரு ஸ்லைடரும் பக்கத்தில் எண் பெட்டியும் இருக்கும். எவ்வளவு வரை பாதுகாப்பு, எங்கே ஆபத்து என்பதை ஸ்லைடர் பச்சை, சிவப்பு நிறங்களால் காட்டுகிறது. அது நமக்குக் கிடைக்காத தகவல் என்பதால் கணக்கை முன்பே போட்டுக்கொண்டு பெட்டியில் எண்ணை நேராக அடித்துவிடுங்கள். விஎம்வேரில் இன்னொன்றும் செய்கிறேன். எடிட், பிரிஃபரன்சஸ், மெமரி போனால் விஎம்மின் நினைவகம் முழுவதையும் ஒதுக்கிய ரேமுக்குள்ளேயே வைக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது. விஎம்வேரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் மாற்ற முடியும். இதைத் தேர்ந்தெடுத்தால் விஎம்மின் பகுதிகள் வட்டுக்குப் போகாது, இடையிடையே வரும் சின்னச் சின்ன விக்கல்கள் நன்றாகக் குறையும். வெளிக் கணினிக்குப் போதுமான இடம் விட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஹைப்பர்-வியில் டைனமிக் மெமரி என்று ஒன்று உண்டு. தேவைக்கேற்ப ரேமை ஏற்றி இறக்கும். சர்வர்களுக்கு அருமையான ஏற்பாடு. திரைவாசிப்பானுக்கு நான் அதை அணைத்துவிட்டு நிலையான அளவு கொடுக்கிறேன். ஏற்றுவதற்கு எடுக்கும் நேரம்கூட காதுக்குத் தெரிகிறது. அதைவிடப் பெரிய விஷயம், ஹைப்பர்-வி விஎம்முக்கு ஒலி அட்டையே கிடையாது. உள்ளே விண்டோஸ் ஓடத் தொடங்கிய பிறகு, ரிமோட் டெஸ்க்டாப் போன்ற என்ஹான்ஸ்டு செஷனில் நுழைந்தால்தான் ஒலி வரும். அதனால் விண்டோஸை நிறுவும் நேரத்தில், அதிலேயே உள்ள திரைவாசிப்பானான நேரேட்டரைக் கேட்டுக்கொண்டே தனியாக நிறுவ முடியாது. பக்கத்தில் பார்வையுள்ள ஒருவர் வேண்டும், இல்லையென்றால் ஏற்கனவே தயாரான வட்டுக்கோப்பு வேண்டும். நானே நிறுவி நானே ஓட்ட வேண்டும் என்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

குரலும் கணக்கில் சேரும். தமிழுக்கு விண்டோஸின் ஒன்கோர் வள்ளுவர் குரல் கேட்க இதமாக இருக்கிறது, நீளமாகப் படிக்க அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். விஎம்முக்குள் சோதனை வேலைக்கு, என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ஜி குரல். இயந்திரத்தனமான குரல் என்று பலருக்குப் பிடிக்காது. ஆனால் மிகச் சின்னது, கீ அழுத்தியவுடன் பேசும். தமிழும் ஆங்கிலமும் கலந்து படித்தாலும் தடுமாறி நிற்பதில்லை.

கீபோர்டு பற்றி இரண்டு வார்த்தை. விஎம் சாளரத்துக்குள் போனதும் வெளி என்விடிஏவை ஸ்லீப் மோடில் (அந்தச் சாளரத்தில் மட்டும் அது பேசாமலும் கீகளைப் பிடிக்காமலும் இருக்கும் நிலை) போட்டுவிடுங்கள். என்விடிஏவின் டெஸ்க்டாப் கீபோர்டு அமைப்பில் என்விடிஏ கீயோடு ஷிஃப்ட்-எஸ். இல்லையென்றால் இரண்டு என்விடிஏவும் ஒரே கீக்கு அடித்துக்கொள்ளும். விஎம்வேரில் கன்ட்ரோல்-ஆல்ட் என்பது வெளியே வருவதற்கான கீ. உள்ளே என்விடிஏ நின்றுபோய் அதை மறுபடி தொடங்க வழக்கம்போல் கன்ட்ரோல்-ஆல்ட்-என் அடித்தால் வெளியே வந்துவிடுவோம். அதற்குப் பதிலாக விண்டோஸ்-ஆர், என்விடிஏ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். விர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல்தான் வெளியே வருவதற்கான ஹோஸ்ட் கீ, அதனால் பேச்சை நிறுத்த இடது கன்ட்ரோலைப் பழகிக்கொள்ள வேண்டும்.

டெபியனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அவ்வளவு சமர்த்து. நிறுவும்போது பூட் மெனுவில் எஸ் அடித்து என்டர் கொடுத்தால் பேசிக்கொண்டே நிறுவும். மேட்டே டெஸ்க்டாப், ஆர்கா, டெர்மினல், எடிட்டர் இவற்றுக்கு 2048 எம்பி தாராளம். ஃபயர்ஃபாக்ஸில் நாள் முழுக்க இருப்பதாக இருந்தால் 4096.

8 ஜிபி மடிக்கணினி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு என் யோசனை, லினக்ஸ் விஎம்மை 2 ஜிபியில் நிம்மதியாக ஓட்டுங்கள். விண்டோஸ் விஎம் கட்டாயம் வேண்டுமென்றால் 4096-க்கு மேல் போகாதீர்கள். வெளியே பிரவுசரை மூடிவிடுங்கள், உள்ளே தானாகத் தொடங்கும் செயலிகளை டாஸ்க் மேனேஜரில் அணைத்துவிடுங்கள், விஎம் கோப்புகள் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். இன்னொரு வழியும் இப்போது இருக்கிறது. என்விடிஏ 2025.1 பதிப்பிலிருந்து ஒரு கணினியின் என்விடிஏவை இன்னொன்றிலிருந்து கேட்டு இயக்கும் ரிமோட் ஆக்சஸ் உள்ளேயே சேர்ந்து வருகிறது. வெளியேயும் உள்ளேயும் அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால், விஎம்முக்குள் இருக்கும் என்விடிஏ சொல்ல வேண்டியதை எழுத்தாகவே வெளியே அனுப்பும், வெளி என்விடிஏ தன் குரலில் பேசும். விஎம்மின் ஒலி வழி நடுவில் இல்லாததால் அந்த நிரந்தர இழுப்பு போய்விடுகிறது. இணைய சர்வர் இல்லாமல் நம் கணினியிலேயே இணைப்பை வைத்துக்கொள்ளவும் முடியும். நான் இப்போது விண்டோஸ் விஎம்மில் பாதி வேலையை இப்படித்தான் செய்கிறேன். 4 ஜிபி மட்டுமே கொடுக்க முடிகிறவர்கள் முதலில் இதை முயன்று பார்த்துவிட்டு, அப்புறம் புது ரேம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.